எலியோ சமோராவின் அட்டை

ரஸ் பிலார்ஸ்கியைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. அது எனக்கே தெரியும். ஆனால் நான் எழுதாவிட்டால் வேறு யார் எழுதப் போகிறார்கள்? ஈரி நகராட்சியில் முப்பத்தோரு வருஷமாகப் பனி தள்ளுகிற லாரி ஓட்டுகிறவனைப் பற்றி எந்தப் பத்திரிகைக்காரன் எழுதுவான்? ஏரியிலிருந்து கிளம்பி வரும் பனி ஒரே நாளில் இடுப்பளவு கொட்டிவிட்டுப் போகிற ஊர் இது. லாரிக்காரர்கள் தெருவைச் சுத்தம் செய்கிறேன் என்று தள்ளிக்கொண்டு போவார்கள். தள்ளிய பனியெல்லாம் நம் வீட்டுக் கார் வழியை அடைத்துக்கொண்டு மலையாய்க் குவியும். பிறகு நாம்தான் இடுப்பொடிய அள்ள வேண்டும். ரஸ் மட்டும் என் வீட்டு முன்னால் வரும்போது லாரியின் பனி தள்ளும் தகட்டை ஒரு சாண் தூக்கிக்கொள்வான், என் வழி அடையாது. நான் ஒருநாளும் கேட்டதில்லை. இன்றைக்கும் தூக்கிக்கொண்டுதான் போகிறான்.

என் பெயர் டோரீன் ஹடாலா. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. தினம் நானூறு பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டு, அதட்டி உட்காரவைத்து, வாய் கொஞ்சம் நீண்டுபோனது. அந்த வாயைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் பேஸ்பால் லீக்கில் பன்னிரண்டு பேர். ஒருவரும் மட்டையைத் தொடுவதில்லை. டிவியில் ஆடுகிற நிஜ ஆட்டக்காரர்களைப் பெயரளவில் விலைக்கு வாங்கி, காகிதத்தில் ஆளுக்கொரு அணி வைத்திருப்போம். அவர்கள் அங்கே நன்றாக ஆடினால் இங்கே நமக்குப் புள்ளி. ஒருமுறை வாங்கிய ஆளை வருஷக்கணக்கில் வைத்துக்கொள்ளலாம். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். இருக்கட்டும். இருபத்திரண்டு வருஷமாக நான்தான் அதன் கமிஷனர். விதி என்றால் விதி. என்னிடம் பருப்பு வேகாது என்று எல்லோருக்கும் தெரியும்.

முதல் பத்து வருஷம் எங்களுக்குச் சம்பள வரம்பெல்லாம் கிடையாது. அதனால் ரஸ் நல்ல ஆட்டக்காரனையெல்லாம் பேசிப் பேசி வளைத்துப் போட்டுக்கொண்டு மூன்று முறை ஜெயித்தான். அப்போதுதான் அவன் மகன் கிரெக் லீக்கில் சேர்ந்தான். பத்தொன்பது வயசு. வந்த முதல் வருஷமே நான்கு பக்கத்துக்கு விதிகளை எழுதிக்கொண்டு வந்து நீட்டினான். ஒவ்வொரு அணிக்கும் இருநூற்று அறுபது டாலர், விளையாட்டுப் பணம்தான். வாங்குகிற விலைதான் அந்த ஆட்டக்காரனின் வருஷச் சம்பளம். இருபத்து மூன்று பேர் சம்பளமும் சேர்ந்து இருநூற்று அறுபதை ஒரு டாலர்கூடத் தாண்டக் கூடாது.

"அப்பா, எல்லாரையும் நீயே கட்டிப் பிடிச்சு வச்சுக்கிட்டா நாங்கல்லாம் எதுக்கு? வேடிக்கை பாக்கவா?" என்றான் கிரெக்.

பதினோரு ஓட்டு ஆதரவு, ஒரு ஓட்டு எதிர்ப்பு. அந்த ஒரு ஓட்டுக்காரன் பிறகு ஒரு மாதம் ஊரெல்லாம் புலம்பினான். "பெத்த புள்ளையே எனக்கு வரம்பு போடுறான், பாத்தியா?" என்று மீன் கடையில், பெட்ரோல் பங்க்கில், என் சமையலறை வாசலில். புலம்பல் மாதிரியா இருந்தது? முகமெல்லாம் பல்.

இன்னொரு வழக்கமும் எங்களிடம் உண்டு. ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் ஒரு சின்ன அட்டை. அவனை முதன்முதலில் வாங்குகிறவர் தன் கையாலேயே பெயர், விலை, தேதி எழுத வேண்டும். அவன் எந்த அணிக்குப் போனாலும் அட்டையும் கூடவே போகும். கம்ப்யூட்டர் வந்த பிறகும் நான் அதை விடவில்லை.

கிரெக் அந்த முதல் வருஷ மார்ச் மாத ஏலத்தில் எலியோ சமோரா என்ற பெயரைச் சொன்னான். ஒருவருக்கும் தெரியவில்லை. எங்கள் ஏலக்காரன் விக் டிபியாசோ கறிக்கடை வைத்திருப்பவன். இறைச்சி தட்டுகிற மரச் சுத்தியல்தான் அவனுக்கு ஏலச் சுத்தியல். அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "யாருடா அது? ஆள் பேரா, ஊர் பேரா?" என்றான்.

"வெனிசுவேலாப் பையன். பந்து வீசுவான். வயசு பதினேழு."

"பதினேழா? பால் குடிக்கிற புள்ளையெல்லாம் வாங்குறியே!"

ஒரு டாலருக்குப் போனான் சமோரா. கிரெக் அட்டையில் எழுதினான்: எலியோ சமோரா, ஒரு டாலர், வயசு 17, அவசரப்படக் கூடாது. அவன் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும்.

அஞ்சு வருஷம் கழித்து கிரெக்குக்கு ரத்தத்தில் புற்றுநோய் என்றார்கள். அதே கோடையில்தான் சமோரா டிவியில் காட்டுகிற பெரிய லீக்குக்கு வந்தான். அடேயப்பா, என்ன வீச்சு! ஆஸ்பத்திரி அறையில் அப்பனும் மகனும் டிவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஆட்டக்காரன் பெரிய லீக்குக்கு வந்துவிட்டால் பழைய விலை செல்லாது, புதுச் சம்பளம் வைத்து அதிகபட்சம் அஞ்சு வருஷத்துக்கு அவனைக் கட்டிப் போடலாம் என்று கிரெக் எழுதிய விதி உண்டு. அதற்குக் கமிஷனர் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். நான் படிவத்தை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

"ஆன்ட்டி, அஞ்சு வருஷம் போடுங்க. வருஷத்துக்கு முப்பத்தெட்டு," என்றான்.

ரஸ் பதறிவிட்டான். "அஞ்சா? பந்து வீசுறவனுக்கு எவனாவது அஞ்சு போடுவானா? முழங்கை போச்சுன்னா என்னடா பண்ணுவ?"

"நான் பாத்துக்கறேம்பா."

நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். வராந்தாவுக்கு வந்து ரொம்ப நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இறுதிப் போட்டிகள் நடந்த அக்டோபர் வாரத்தில் கிரெக் போய்விட்டான். இருபத்து நாலு வயசு.

அந்தக் குளிர்காலத்தில் ரஸ்ஸின் மனைவி அரிசோனாவில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனாள், திரும்பவில்லை. ரஸ் தன்னுடைய அணியை, மூன்று கோப்பை ஜெயித்த அணியை, ஒரு புதியவனுக்குக் கொடுத்துவிட்டு மகனின் அணியை எடுத்துக்கொண்டான். அதற்கடுத்த வசந்தத்தில், ஆட்டப் பருவம் தொடங்கி மூன்றாவது வாரம், சமோராவின் முழங்கை கிழிந்தது. அறுவை சிகிச்சை, ஒரு வருஷம் ஓய்வு, திரும்ப வந்து நாலு ஆட்டம், திரும்பவும் அதே முழங்கை. பெரிய அணி அவனைக் கைவிட்டது. அதன் பிறகு பெயர் தெரியாத ஊர்களில், பெயர் தெரியாத அணிகளுக்குப் பந்து வீசிக்கொண்டிருந்தான்.

ஆனால் எங்கள் கணக்கில் அவன் சம்பளம் முப்பத்தெட்டு அப்படியே நின்றது. இருநூற்று அறுபதில் முப்பத்தெட்டு போனால் மிச்சத்தில் என்ன அணி கட்ட முடியும்? ஆளைக் கழற்றிவிட்டால் பாதிச் சம்பளம்தான் நிற்கும். ஆனால் கழற்றிவிடப்பட்ட ஆளின் அட்டை பொதுப் பெட்டிக்குப் போய்விடும், யாரும் எடுத்துக்கொள்ளலாம். ரஸ் கழற்றவில்லை. வருஷா வருஷம் கடைசி இடம். கடைசியில் வந்தவன் பருவ முடிவில் ஏரிக்கரை விருந்தில் ரோஜா நிற ஏப்ரன் கட்டிக்கொண்டு எல்லோருக்கும் சாசேஜ் சுட வேண்டும். நாலு வருஷம் ரஸ்தான் சுட்டான். முதல் வருஷம் கேலி செய்தோம். ரெண்டாம் வருஷமும் கேலி செய்தோம், வெட்கமில்லாமல். நாலாம் வருஷம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவனாகவே, "ஏப்ரன் எனக்குன்னே தச்ச மாதிரி இருக்குல்ல?" என்றான்.

அஞ்சாம் வருஷமும் போயிற்று. ஒப்பந்தம் முடிந்தது. முடிந்தால் ஆட்டக்காரன் கட்டாயம் பொது ஏலத்துக்கு வர வேண்டும், அட்டையோடு. இதுவும் கிரெக் எழுதியதுதான்.

பிப்ரவரியில் ரஸ் என் சமையலறைக்கு வந்தான். தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே நின்றான்.

"டோரீன், சமோராவுக்கு நாப்பது வச்சிருக்கேன். போதுமா?"

"உனக்குப் பைத்தியமா? முழங்கை ரெண்டு தடவை கிழிஞ்சவனுக்கு நாப்பதா?"

"வேற யாராச்சும் கேட்டுட்டா?"

"எவன் கேப்பான்? எல்லாருக்கும் தெரியும்டா. இதோ பாரு, காச வச்சு முதல்ல நல்ல ஆளுங்களா வாங்கு. அந்தப் புள்ளையோட டீம எத்தன வருஷம் கடைசியிலயே வச்சிருப்ப? சமோராவ கடைசிக்கு வை. ஒரே ஒரு டாலர மட்டும் மிச்சம் புடி. அவன் பேரச் சொல்லு. ஒரு பய வாயத் தொறக்க மாட்டான்."

"நிச்சயமா?"

"நான் சொல்றேன்ல."

நான் சொன்னேன். இந்த வாயால்தான் சொன்னேன்.

இனி என் புகழைச் சொல்ல வேண்டும். ஏலத்தில் எனக்கு ஒரு பழக்கம் உண்டு, 'ஏத்தி விடுறது' என்போம். எனக்கு வேண்டாத ஆளாக இருந்தாலும், யாராவது மலிவாகத் தட்டிக்கொண்டு போகப் பார்த்தால் மேலே ஒரு டாலர் கேட்டுவிடுவேன். அவன் பதறி இன்னும் ஏற்றுவான், அவன் பணம் கரையும். எல்லோரும் கொஞ்சம் செய்வார்கள், எனக்கு அது ரத்தத்தில் ஊறியது. "டோரீன் இருக்கிற இடத்துல எதுவும் ஒரு டாலருக்குப் போகாது" என்று விக் ஊரெல்லாம் சொல்வான். கேட்க எனக்குப் பெருமையாகத்தான் இருக்கும். இன்னொன்று, ஏலத்தில் வாய்விட்டுக் கேட்ட விலையைத் திரும்ப வாங்க முடியாது. பல வருஷத்துக்கு முன் ரஸ் அவசரப்பட்டு ஒருவனுக்குப் பன்னிரண்டு டாலர் கேட்டுவிட்டான். அந்த ஆள் அன்று காலையில்தான் கால் ஒடிந்து படுத்திருந்தான். "தெரியாம சொல்லிட்டேன் டோரீன், விட்டுடு" என்று கெஞ்சினான். நான் விடவில்லை. "வாயிலேர்ந்து வந்தது வந்ததுதான்" என்று எல்லோர் முன்னாலும் அவன் வாயை அடைத்தேன்.

மார்ச் மாதச் சனிக்கிழமை, தீயணைப்பு நிலையக் கூடம். தவக்காலம், இறைச்சி கிடையாது என்பதால் பொரித்த மீனும், உருளைக்கிழங்கு அடைத்த பீரோகிக் கொழுக்கட்டையும். காலை பத்து மணிக்குத் தொடங்கினோம். ரஸ் அன்று என்ன அழகாக வாங்கினான் தெரியுமா! அஞ்சு வருஷமாக முப்பத்தெட்டைச் சுமந்தவன், கையைக் காலை நீட்டி வாங்கினான். ரெண்டு நல்ல மட்டைக்காரர்கள், ஒரு முதல்தரப் பந்துவீச்சாளன். விக் கூட, "பழைய ரஸ் திரும்பிட்டான்டோய்!" என்று கத்தினான். மாலை அஞ்சு மணிக்கு எல்லோருக்கும் ஒன்றிரண்டு இடம்தான் பாக்கி, பையில் ஒன்றிரண்டு டாலர்தான் பாக்கி. ரஸ்ஸுக்கு ஒரு இடம், ஒரு டாலர். எனக்கு ஒரு இடம், ரெண்டு டாலர்.

ரஸ்ஸின் முறை வந்தது. எழுந்து நின்றான். உட்கார்ந்தபடியேதான் சொல்வோம், அவன் எழுந்து நின்றான்.

"எலியோ சமோரா. ஒரு டாலர்."

கூடம் அமைதியானது. எல்லோருக்கும் தெரிந்த அமைதி. விக் சுத்தியலை மெதுவாகத் தூக்கினான். "சமோரா, ஒரு டாலர். போகப் போகுது..." என்றான். ரஸ் என்னைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தான். நானும் அவனைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கும் சந்தோஷம்.

"ரெண்டு டாலர்."

சொன்னது நான்தான்.

பெயர் காதில் விழவில்லை என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கவில்லை. பெயர் நன்றாக விழுந்தது. ஒரு டாலர், அப்புறம் ஒரு அமைதி. இருபத்திரண்டு வருஷமாக அந்த அமைதியைக் கேட்டாலே என் நாக்கு அரிக்கும். மனசு ஒருபக்கம் இருந்தது, நாக்கு தன் வேலையைச் செய்துவிட்டது. சீ, என்ன நாக்கு இது!

ரெண்டு மூன்று பேர் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்கள். ரஸ் சிரிக்கவில்லை. தன் தாளைக் குனிந்து பார்த்தான், மிச்சம் ஒரு டாலர். வரம்பைத் தாண்டி அவன் மூன்று கேட்க முடியாது.

"அம்மா தாயே, என்ன காரியம் பண்ணின?" என்றான் விக், சுத்தியலை இறக்காமலே.

"செல்லாது, செல்லாது! நான் தெரியாம சொல்லிட்டேன். விக், என் பேர எடு!" என்று கத்தினேன். எல்லோரும், "ஆமா, செல்லாது, ரஸ்ஸுக்கே குடு" என்று ஒரே குரலில் சொன்னார்கள். பத்துப் பேரும்.

"வேணாம்," என்றான் ரஸ். "வாயிலேர்ந்து வந்தது வந்ததுதான். நீதான சொல்லுவ, டோரீன்?"

"டேய் ரஸ், அது வேற, இது வேற."

"என்ன வேற? அந்தப் புள்ள எழுதின ரூல். எனக்காக ஒண்ணும் மாத்த வேணாம். விக், அடி."

விக் அடிக்கவில்லை. ரஸ் அவன் கையிலிருந்து சுத்தியலை வாங்கி, தானே மேஜையில் ஒரு தட்டுத் தட்டினான். பிறகு தன் கடைசி டாலருக்கு யாரோ பெயர் தெரியாத ஒருவனை வாங்கினான். ஏலம் முடிகிறவரை இருந்தான். நாற்காலிகளை மடக்கி அடுக்கக் கூட உதவினான். நான் கழிப்பறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

மறுநாள் காலை அட்டையை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தான், காபி போட்டுக் கொடுத்தான். அட்டையை மேஜைமேல் வைத்தேன். அவன் அதைத் தொடவில்லை.

"ஏலத்துல வாங்கின ஆள ஜூன் ஒண்ணு வரைக்கும் கைமாத்தக் கூடாது," என்றான்.

"யாரு கேக்கப் போறா ரஸ்? கமிஷனரே நான்தான். எடுத்துக்கடா."

"ஜூன் ஒண்ணு வரட்டும்."

விதி என்றான். அது விதி இல்லை, கோபம். என் மேல் இருந்த கோபத்தைக் கத்தித் தீர்க்க அவனுக்கு வராது. மகனே எழுதிய விதிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். அங்கே யார் போய் அவனை இழுத்து வருவது? அட்டையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு திரும்பினேன். ஜூன் ஒன்றுக்கு எழுபது நாள் இருந்தது. சமையலறைக் காலண்டரில் தினம் ஒரு கோடு போட்டேன். உடன் வேலை பார்க்கிறவர்கள் லீவு நாளை எண்ணுகிறேன் என்று நினைத்தார்கள்.

மே பத்தொன்பதாம் தேதி, பிள்ளைகளுக்கு மக்ரோனி பரிமாறிக்கொண்டிருந்தபோது விக் போன் செய்தான்.

"டோரீன், உக்காந்துக்க."

"என்னடா, யாருக்கு என்ன?"

"சமோரா ஆட்டத்த விட்டுட்டானாம். கை இனிமே தாங்காதுன்னு அறிவிச்சுட்டான். ஊருக்குத் திரும்பிப் போறானாம்."

ஆட்டத்தை விட்டவனை எங்கள் பட்டியலிலிருந்து அன்றைக்கே அடித்துவிட வேண்டும். அதன் பிறகு அவனை யாரும் வாங்கவோ மாற்றவோ முடியாது. கடைசியாக யாரிடம் இருந்தானோ அவர்களிடமே அட்டை நிரந்தரமாக நிற்கும். ஜூன் ஒன்றுக்குப் பதிமூன்று நாள். பதிமூன்றே நாள்! அன்று சாயங்காலம் கமிஷனர் என்ற முறையில் என் அணியிலிருந்து அவன் பெயரை நானே அடித்தேன். ரஸ்ஸுக்குப் போன் செய்தேன்.

"பாத்தேன்," என்றான். "பாவம், நல்ல பையன். ரொம்பப் போராடினான்."

அந்தப் பருவத்தில் ரஸ் மூன்றாவதாக வந்தான். அஞ்சு வருஷத்துக்குப் பிறகு முதல்முறையாக ஏப்ரன் வேறொருவன் இடுப்பில். யாருக்கும் அவனுக்குக் கைகொடுக்கத் தைரியம் வரவில்லை.

செப்டம்பர் கடைசியில் ஏரிக்கரை விருந்து. சாப்பாட்டுக்கு முன்னால் எங்களுக்கு ஒரு சடங்கு. அந்த வருஷம் ஆட்டத்தை விட்டவர்களின் அட்டைகளைக் கமிஷனர் வாசிப்பார், முதலில் யார் வாங்கினார், கடைசியில் யாரிடம் இருந்தார் என்று. எல்லோரும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்போம். நாலு அட்டை இருந்தது. சமோராவைக் கடைசியாக வைத்திருந்தேன். முந்தின வாரம் முழுக்க யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் நான் ஒரு வரியைக்கூட மாற்றி வாசித்ததில்லை.

"எலியோ சமோரா," என்று வாசித்தேன். "முதல்ல வாங்கினது கிரெக் பிலார்ஸ்கி, ஒரு டாலர். கடைசியா இருந்தது ரஸ் பிலார்ஸ்கிகிட்ட."

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்று நினைத்தேன்.

"இல்ல," என்றான் ரஸ், பின்வரிசையிலிருந்து. "ரெண்டு டாலர். உன்கிட்ட."

"ரஸ், விடேன்..."

"சரியாப் படி, டோரீன்."

திரும்பவும் படித்தேன். முதலில் வாங்கியது கிரெக் பிலார்ஸ்கி, ஒரு டாலர். கடைசியாக இருந்தது டோரீன் ஹடாலாவிடம், ரெண்டு டாலர். எல்லோரும் தொப்பியைப் போட்டுக்கொண்டு சாசேஜ் வாங்கப் போனார்கள். நான் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

ரஸ் வந்தான். கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டே, "அத ஒரு தடவ காட்டு," என்றான்.

கொடுத்தேன். ஓரங்களைப் பிடித்து, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தான்.

"பதினேழுன்னு எழுதியிருக்கான் பாரு. பதினொண்ணு மாதிரியே இருக்கு. ஏழ ஒழுங்காப் போடுடான்னு சின்ன வயசுலேர்ந்து சொல்லிட்டே இருந்தேன்."

"வச்சுக்க ரஸ். உன் கால்ல விழறேன். வச்சுக்கடா."

அவன் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தான். உதடு அசைந்தது, அவசரப்படக் கூடாது என்பதைப் படித்தானோ என்னவோ. பிறகு அட்டையை என்னிடம் நீட்டினான். நான் வாங்கவில்லை. அவன் அதை என் முன்னால் மேஜையில் வைத்தான். ஏரிக்காற்று பலமாக வீசிக்கொண்டிருந்தது. கடுகுப் பாட்டிலை எடுத்து அதன் மேல் பாரமாக வைத்துவிட்டு, காரை நோக்கி நடந்தான்.